ஒரு அறுவை மெஷின், ரூ.2 லட்சம் அபராதம்: தேனியில் மரப் புதிர் செய்து விற்க முடியுமா?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பலகையில் பென்சிலால் வரைந்த யானை. சன்னமான ரம்பம் ஒன்று மேலும் கீழும் துடிக்க, ஒருவர் பலகையை இப்படியும் அப்படியும் திருப்புகிறார். அரை நிமிஷத்தில் யானை ஐந்து துண்டாகிறது. மறுபடியும் ஒன்று சேர்ந்து மேசை மேல் நிற்கிறது.

"இதை நம்ம ஊர்லயே செய்யலாமே!" என்று தோன்றும். கம்பம், சின்னமனூர், போடி பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தோன்றும். மலை ஏறினால் எஸ்டேட் மரம், இறங்கினால் சா மில், தெருவுக்கு ஒரு தச்சர். மெஷினும் பெரிய விலை இல்லை. ஆரம்பநிலை ஸ்க்ரோல் சா ஒன்று, ஓரளவு நல்ல செல்போன் விலைக்குள் வந்துவிடும்.

செய்வதில் தடை எதுவும் இல்லை. விற்கும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்பது குற்றம். முதல் முறை பிடிபட்டால் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டுக் கொல்லையில் ஒற்றை மெஷின் வைத்து யானை அறுப்பவருக்கும் இது பொருந்துமா? பதில் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கிறது: 'கைவினைஞர்'.

முதலில், இது என்ன மெஷின்?

தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி மேலும் கீழும் போகும், துணியைத் திருப்புவது உங்கள் கை. ஸ்க்ரோல் சாவும் அதேதான். ஊசிக்குப் பதிலாக நூல் மாதிரி ஒரு பிளேடு, துணிக்குப் பதிலாகப் பலகை. ரம்பம் நின்ற இடத்திலேயே துடிக்கும். வளைவு, நெளிவு, காது, தும்பிக்கை எல்லாம் கையின் வேலை. நடுவில் மட்டும் வெட்ட வேண்டும் என்றால் சின்னதாக ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கோத்து மறுபடி மாட்ட வேண்டும்.

லேசர் மெஷின் கதை வேறு. கம்ப்யூட்டரில் டிசைனைப் போட்டு பட்டனைத் தட்டினால் நூறு துண்டையும் அச்சுப் பிசகாமல் அறுத்துத் தந்துவிடும். ஓரம் மட்டும் கருகி, லேசாகப் புகை வாசம் அடிக்கும். ஆன்லைனில் இப்போது மலிவாகக் கிடைக்கும் மரப் புதிர்களைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கருப்பு ஓரம் இருக்கும்.

இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சட்டமும் இங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

தேனியில் கிடைக்கும் மரம் இதற்குச் சரிவருமா?

எல்லா மரமும் வராது. போடி, வருசநாடு பக்கம் இலவ மரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சுக்கு அது ராஜா, புதிருக்கு ஆகாது. மரம் அவ்வளவு மென்மை. வெட்டின ஓரம் பிசிறு தட்டும், சின்னக் கொக்கிகள் கையோடு வந்துவிடும். பெரியகுளம் தோப்புகளில் பட்டுப்போன மாமரம் கிடைக்கும். நன்றாகக் காய வைத்தால் தடிமனான மிருகப் பொம்மைகளுக்கு ஓடும், ஈரத்தோடு அறுத்தால் பூஞ்சைக் கறை படியும். இடுக்கி பக்கத் தேயிலை, மிளகுத் தோட்டங்களின் சில்வர் ஓக், குமுளி வழியாக இறங்கும் கேரள ரப்பர் மரம் இரண்டும் வெளிர் நிறம். சாயம் நன்றாக ஏறும். ரப்பர் மரத்தில் ஒரு கவனம் தேவை: மருந்து போட்டுப் பதப்படுத்தாத பலகையைச் சீக்கிரமே பூச்சி துளைத்துவிடும். எந்த மருந்து போட்டார்கள் என்று மில்லில் கேட்டு வாங்குங்கள். குழந்தை வாயில் வைக்கும் பொருள்.

வழக்கமான ஜிக்சா மாதிரி, கொக்கி போட்டுப் பின்னும் மெல்லிய புதிருக்கு இந்தப் பலகைகள் எதுவுமே அவ்வளவு சரிப்படாது. தனி மரத்தில் நார் ஒரே திசையில் ஓடுகிறது. கொக்கியின் கழுத்து அந்த நாருக்குக் குறுக்கே அமைந்தால், நாலு தடவை மாட்டிக் கழற்றியதும் டப்பென்று ஒடியும். ப்ளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் மாறி மாறிக் குறுக்காகப் போவதால் அந்தப் பிரச்சினை இல்லை. உலகம் முழுக்க மெல்லிய மரப் புதிர்கள் ப்ளைவுட்டில் செய்யப்படுவதற்குக் காரணம் இது. ஆக, 'உள்ளூர் மரத்தில் பாரம்பரியப் புதிர்' என்று போஸ்டர் அடிப்பதற்கு முன்னால், எந்த வகைப் புதிர் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்வது நல்லது.

தூசியையும் விட்டுவிடக் கூடாது. மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. சிகரெட் புகை இருக்கும் அதே வகை. மாஸ்க் போடாமல், மூடிய அறையில் அறுக்கும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள்.

ஏன் இப்படி ஒரு சட்டம் வந்தது?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பொம்மைக் கடை என்றாலே பளபள பிளாஸ்டிக்தான். பல வருஷங்களாக நாடு முழுக்க இதுதான் நிலைமை, அதில் பெரும்பகுதி சீனச் சரக்கு. இந்தியத் தரக் கவுன்சில் 2019-ல் இறக்குமதி பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது சுமார் 67 சதவீதம் பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு இரண்டு வேலை செய்தது. பொம்மைக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 60 ஆக்கியது (2023-ல் அது 70 ஆனது). அதே மாதம் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையையும் கொண்டுவந்தது. அந்த ஆகஸ்டில் 'மன் கீ பாத்' உரையில் பிரதமர் மோடி சென்னப்பட்டணா, கொண்டப்பள்ளி, தஞ்சாவூர் என்று பொம்மை ஊர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2014-15க்கும் 2022-23க்கும் இடையில் பொம்மை இறக்குமதி 52 சதவீதம் குறைந்தது, ஏற்றுமதி 239 சதவீதம் கூடியது என்பது அரசு சொல்லும் கணக்கு.

ஆணை காகிதத்தோடு நிற்கவும் இல்லை. 2023 ஜனவரியில், ஒரே மாதத்தில் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக பிஐஎஸ் அறிவித்தது. சோதனை நடந்த இடங்களில் விமான நிலையக் கடைகளும் பெரிய மால்களும் அடக்கம். அமேசான், ஃப்ளிப்கார்ட், ஸ்னாப்டீல் மூன்றுக்கும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

தனிப்பட்ட முறையில் இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு மரப் புதிர் வாங்கிக் கொடுத்தேன். 'இயற்கைச் சாயம்' என்று அட்டையில் எழுதியிருந்தது. அரை மணி நேரத்தில் அவன் நாக்கு பச்சையாகிவிட்டது. அட்டையில் செய்தவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, யாரைக் கேட்பது? 'மரம்' என்றாலே பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சாயத்தில் ஈயம் இருந்தால் பிளாஸ்டிக்கானால் என்ன, மரமானால் என்ன?

சட்டப்படி 'பொம்மை' என்றால் எது?

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்காக வடிவமைக்கப்பட்ட, அல்லது அதற்குத்தான் என்று தெளிவாகத் தெரிகிற எந்தப் பொருளும் பொம்மை. 'அதற்காக மட்டுமே' என்று இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஐந்து துண்டு யானையைச் செய்துவிட்டு, அட்டையில் '14 வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தப்பிக்கலாம் என்ற யோசனை எடுபடுவது கஷ்டம். பார்க்கிற யாருக்கும் அது குழந்தைப் பொம்மை என்று தெரியும்.

பெரியவர்களுக்கான சிக்கலான புதிர் என்றால் நிலைமை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொம்மைப் பாதுகாப்பு விதியில், இந்த வகைப் புதிரில் 500 துண்டுக்கு மேல் இருந்தாலோ, படமே இல்லாமல் இருந்தாலோ அது பொம்மைக் கணக்கில் வராது என்று பச்சையாகவே எழுதியிருக்கிறார்கள்.

பொம்மைதான் என்று ஆகிவிட்டால், ஐஎஸ் 9873 என்ற தரநிலைக்கு உட்பட வேண்டும். அதில் புதிர் செய்பவர்களைத் தொடும் விஷயங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, சாயம். சாயத்திலிருந்து கசியும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காட்மியம், பாதரசம், ஆர்சனிக் உட்பட மொத்தம் எட்டுத் தனிமங்களுக்கு இப்படி வரம்பு இருக்கிறது. இரண்டாவது, துண்டின் அளவு. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளைக்குள் எந்தத் துண்டும் முழுசாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் அது குழந்தையின் தொண்டையிலும் அடங்கும். யானைக்குட்டியைத் தனித் துண்டாக அறுக்கிறவர்கள் இதைப் பலமுறை யோசிக்க வேண்டும்.

ஐஎஸ்ஐ முத்திரை வாங்க பிஐஎஸ் உரிமம் எடுக்க வேண்டும். விண்ணப்பம், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்புவது, தொழிற்கூட ஆய்வு, ஆண்டுக் கட்டணம், முத்திரைக் கட்டணம், உள்ளேயே சோதனை வசதி... குறுந்தொழில்களுக்குக் கட்டணத்திலும் சோதனை வசதியிலும் சலுகைகள் கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் இந்த முழு அமைப்பும் ஒரே அச்சில் லட்சம் பொம்மை வார்க்கும் தொழிற்சாலையை மனதில் வைத்து உருவானது. அங்கே ஒரு மாதிரியைச் சோதித்தால் லட்சத்துக்கும் பொருந்தும். வாரம் 20 புதிர் செய்பவர், இந்த வாரம் யானை, அடுத்த வாரம் வரையாடு என்று மாற்றிக்கொண்டே இருப்பவர். அவரிடம் அதே கணக்கைக் கேட்டால் சரக்கைவிடச் செலவு பெரிதாகிவிடும்.

விலக்கு இருக்கிறது, ஆனால் யாருக்கு?

எதிர்ப்பு வந்தபோது, 2020 டிசம்பரில் அரசு ஆணையைத் திருத்தியது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை, அதற்கு அங்கீகரிக்கப்பட்டவர்கள் செய்தால் அவற்றுக்கும் விலக்கு.

சென்னப்பட்டணாவுக்கும் தஞ்சாவூர் தலையாட்டிக்கும் இரண்டாவது கதவு திறந்திருக்கிறது. தேனிக்கு அப்படி ஒரு பொம்மை மரபு கிடையாது. கம்பத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பன்னீர் திராட்சைக்கு. அதை அறுத்துப் புதிர் செய்ய முடியாது! ஆக மிச்சம் இருப்பது முதல் கதவு, 'பெஹ்சான்' எனப்படும் கைவினைஞர் அடையாள அட்டை. விண்ணப்பித்து, கைவினைத் துறை அதிகாரிகளிடம் வேலையைச் செய்து காட்டி வாங்க வேண்டும்.

கரண்டில் ஓடும் மெஷினில் அறுப்பது 'கைவினை'யா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே ஜிஎஸ்டி விதிகளில் இருக்கும் ஒரு விளக்கம் உதவும். கைவினைப் பொருள் என்றால் பெரும்பகுதி கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும், கருவியோ இயந்திரமோ இடையில் பயன்பட்டாலும் பரவாயில்லை. கண்ணுக்கு அழகான வேலைப்பாடு இருக்க வேண்டும். இயந்திரத்தில் உற்பத்தியாகும் அதே மாதிரிப் பொருளிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். ஜிஎஸ்டி விளக்கம் பிஐஎஸ்-ஐக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் 'கைவினை' என்ற சொல்லை அரசு எப்படிப் புரிந்துகொள்கிறது என்று அதில் தெரிகிறது.

இந்த அளவுகோலை இரண்டு மெஷினுக்கும் பொருத்திப் பாருங்கள். ஸ்க்ரோல் சாவில் கையை எடுத்தால் கோடு நின்றுவிடும். ஒருவர் அறுத்த யானையும் இன்னொருவர் அறுத்த யானையும் ஒன்றுபோல இருக்காது. வரைவது, அறுப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, சாயம் பூசுவது எல்லாம் கைதான். லேசரில் கை செய்வது பலகையை வைப்பதும் எடுப்பதும் மட்டும். ஆகவே, வேகமானது என்று லேசருக்குப் போகிறவர் தொழிற்சாலைப் பக்கம் போய் நிற்கிறார். மெதுவான, கை வலிக்கும் ஸ்க்ரோல் சாவில் உட்கார்ந்திருப்பவருக்கு விலக்குக் கேட்க ஒரு நியாயம் இருக்கிறது. இது என் வாசிப்பு. அட்டை கையில் வரும்வரை இது வெறும் வாதம்தான், அட்டை இல்லாமல் விற்றால் வாதம் காப்பாற்றாது.

இன்னொரு நெருடல். விலக்கு 'கைவினைஞர்கள் தயாரித்து விற்கும்' பொருளுக்கு. நீங்களே செய்து, நீங்களே குமுளி ரோட்டுக் கடையில் விற்றால் சிக்கல் இல்லை. மதுரையில் உள்ள ஒரு பொம்மைக் கடைக்கு மொத்தமாகப் போட்டு, அவர் தன் பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டி விற்றால்? நாலு தச்சர்களைக் கூலிக்கு வைத்து, அட்டை உங்கள் பெயரில் மட்டும் இருந்தால்? இந்த மாதிரி இடங்கள் மங்கலானவை.

விலக்கு என்பது ஐஎஸ்ஐ முத்திரையிலிருந்து மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஏதாவது ஆனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறுப்பு செய்தவருக்கு உண்டு. பெட்டியில் அடைத்து விற்றால் பெயர், முகவரி, தயாரித்த மாதம், எம்ஆர்பி எல்லாம் அச்சிட வேண்டும். டிவி கார்ட்டூன் பொம்மைகளை அப்படியே அறுப்பது காப்புரிமைப் பிரச்சினை. எல்லோரும் செய்கிறார்கள் என்பது பதில் ஆகாது.

சரி, லாபம் வருமா?

ஒரு உத்தேசக் கணக்கு போடலாம். எண்கள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 8-க்கு 4 அடி ப்ளைவுட் ஷீட்டில், 30-க்கு 20 சென்டிமீட்டர் அளவில் 48 துண்டு கிடைக்கும். புதிருக்கு அடித்தட்டும் வேண்டும் என்பதால் 24 புதிர். ஷீட் 1,500 ரூபாய் என்றால் ஒரு புதிருக்கு மரச் செலவு 63 ரூபாய்கூட இல்லை. வரைந்து, 40 துண்டாக அறுத்து, தேய்த்து, சாயம் பூசி, பெட்டியில் போட இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். 8 மணி நேரத்துக்கு 800 ரூபாய் கூலி என்றாலும் ஒரு புதிருக்கு 200 ரூபாய். பிளேடு, சாயம், பெட்டிக்கு ஒரு 50. மொத்தம் 313.

அதாவது செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கம்மியான தொகை உங்கள் கைக்கான கூலி. மரத்தை மலிவாக வாங்குவதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. இரண்டு, மூன்று பலகையை டேப் போட்டு ஒட்டி ஒரே தடவையில் அறுத்தால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும், அதற்கு மேல் போனால் பிளேடு சாய்ந்து கீழ்த் துண்டு கோணலாகிவிடும். 500, 600 ரூபாய்க்கு விற்றால்தான் கட்டும். திருவிழாக் கடையில் 100 ரூபாய் பிளாஸ்டிக்கோடு இது போட்டி போடவே முடியாது, போடவும் கூடாது.

யார் 600 கொடுப்பார்கள்? இந்தத் தொழிலின் வரலாறே அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், மஹோகனிப் பலகையில் வரைபடத்தை ஒட்டி நாடுகளின் எல்லைக் கோட்டிலேயே அறுத்து விற்றார். வாங்கியவர்கள் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க நினைத்த பணக்காரக் குடும்பங்கள். 1930களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் வேலை போனவர்கள் வீட்டிலேயே புதிர் அறுத்து விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். பிறகு அட்டைப் புதிர் மலிவாக வந்து மரத்தைச் சந்தையிலிருந்து தள்ளியது. ஆனால் மரப் புதிர் சாகவில்லை, விலை ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1970களில் தொடங்கிய ஸ்டேவ் நிறுவனம் இன்றும் கையால் அறுத்த புதிர்களை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறது.

நமக்கு டாலர் வேண்டாம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் தனித் தனித் துண்டாக வரும் ஒரு வரைபடப் புதிரை யோசித்துப் பாருங்கள். எந்த மாவட்டம் எதற்குப் பக்கத்தில் என்று பிள்ளைகளுக்கு மட்டுமா தெரியாது? நமக்கே தடுமாறும். உயிரெழுத்துப் புதிர், மேகமலையின் சாம்பல் நிற அணில், வரையாடு, முல்லைப் பெரியாறு அணை. கார்த்திகை, மார்கழி வந்தால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் வழியாகத்தான் குமுளிக்கு ஏறுகின்றன. திரும்பும்போது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்ற நினைப்போடு வருகிறவர்கள். தேக்கடிக்குச் சுற்றுலா போகிறவர்களும் அதே ரோட்டில்தான். அவர்களுக்கு விற்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சையும் ஏலக்காயும் உண்டு, நாலு வருஷம் வீட்டில் இருக்கிற மாதிரி பொருள்தான் அதிகம் இல்லை.

ஜிஎஸ்டி விஷயத்தில் நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல், எலெக்ட்ரானிக் அல்லாத பொம்மைகளுக்கும் புதிர்களுக்கும் வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவே தேவையில்லை. 2023 அக்டோபரிலிருந்து, மாநிலத்துக்குள் மட்டும் என்றால் ஆன்லைன் தளம் வழியாகவும் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் விற்கலாம், ஒரு எண் மட்டும் எடுக்க வேண்டும். பெங்களூருக்கு ஒரு ஆர்டர் வந்தால் கதை மாறிவிடும், தளம் வழியாக வெளிமாநிலத்துக்குப் போவதற்குப் பதிவு வேண்டும்.

அரசுக் கடன் கிடைக்குமா? இங்கே வயது உதைக்கிறது

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், அதில் தச்சரும் உண்டு, பாரம்பரிய பொம்மை செய்பவரும் உண்டு. ஆனால் அது குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று சொல்லி, இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என 2024 நவம்பரில் அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார். அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கியது கலைஞர் கைவினைத் திட்டம். தச்சு வேலை உட்பட 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்), வட்டியில் 5 சதவீதம் தள்ளுபடி. யாரும் குடும்பத் தொழிலாகத்தான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஆனால் குறைந்தபட்ச வயது 35. படிக்கிற வயதில் பிள்ளைகள் தொழிலுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதுதான் காரணம், அந்த நியாயம் புரிகிறது. ஆனால் டிகிரி முடித்து, ரீல்ஸ் பார்த்து, ஸ்க்ரோல் சா வாங்க நினைக்கும் 26 வயதுக்காரருக்கு இதில் இடம் இல்லை. அவருக்கு மிச்சம் இருப்பது 18 வயதிலிருந்தே விண்ணப்பிக்கக்கூடிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். கிராமப்புறம் என்றால் பொதுப்பிரிவுக்கு 25, பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? அந்தக் கடனுக்குப் போகும்போது நீங்கள் ஒரு 'உற்பத்தி நிறுவனம்'. தரக் கட்டுப்பாட்டு விலக்குக்குப் போகும்போது நீங்கள் ஒரு 'கைவினைஞர்'. ஒரே ஆள், ஒரே மெஷின், ஒரே யானை. திட்ட அறிக்கையில் 'மாதம் 2,000 புதிர், லேசர் கட்டிங், 6 பேருக்கு வேலை' என்று எழுதினால் வங்கி மேனேஜர் சந்தோஷப்படுவார். அதே காகிதத்தை பிஐஎஸ் அதிகாரி படித்தால், இது தொழிற்சாலைதானே, உரிமம் எங்கே என்பார். எந்தக் கதவைத் தட்டப்போகிறோம் என்று மெஷின் வாங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டியிருப்பதன் காரணம் இது.

இரண்டுக்கும் நடுவே, மாதம் நூறு இருநூறு புதிர் செய்யும் குட்டிப் பட்டறைக்கு என்று ஒரு தனி வழி இதுவரை இல்லை. சாயத்தையும் துண்டின் அளவையும் மட்டும் சோதித்துவிட்டு, மற்றதை விட்டுவிடும் எளிய அனுமதி ஒன்று இருந்தால் குழந்தைகளின் பாதுகாப்பும் கெடாது. குழந்தைக்கு உண்மையில் ஆபத்து அந்த இரண்டில்தானே அதிகம்?

இப்போதைக்குச் செய்யக்கூடியது இதுதான். பிஐஎஸ் கிளை அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. தேனியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். போகும்போது நீங்கள் செய்த புதிர் ஒன்றையும், பூசிய சாயத்தின் டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்: ஸ்க்ரோல் சாவில் கையால் அறுத்த இந்தப் பொருளுக்கு, கைவினைஞர் அட்டை இருந்தால் விலக்கு உண்டா? கடைக்காரர் வாங்கி விற்றாலும் அந்த விலக்கு தொடருமா?